என்எஸ்லுக்அப்: கருவி சரிதான், கேட்ட விதம்தான் தப்பு

குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடை. இரண்டு நாளாக மெயில் வரவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். கம்பத்திலிருந்து மலையேறிப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘என்எஸ்லுக்அப்’ என்று மட்டும் அடித்தேன். ஒரு பெயருக்கு முகவரி எது, மெயில் சர்வர் எது என்று டிஎன்எஸ்ஸிடம், அதாவது இணையத்தின் பெயர்-முகவரிப் பட்டியலிடம், கேட்டுச் சொல்லும் கருவி அது. ‘>’ குறி வந்து நின்றது. ‘செட் டைப்=எம்எக்ஸ்’ (எம்எக்ஸ் என்பது மெயில் சர்வரைச் சொல்லும் பதிவு) கொடுத்துவிட்டு கடையின் டொமைன் பெயரை, அதாவது இணையப் பெயரை, அடித்தேன். மெயில் சர்வரின் பெயர் ஒழுங்காக வந்தது.

(கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.)

“அப்படியே வெப்சைட்டையும் பாத்துருப்பா” என்றார் கடைக்காரர். அதே இடத்தில் மூன்று டபிள்யூ சேர்த்துப் பெயரை அடித்தேன். சர்வரின் எண்ணான ஐபி முகவரி வரவில்லை. பிரைமரி நேம் சர்வர், சீரியல், ரிஃப்ரெஷ், ரீட்ரை என்று ஏதோ ஏழெட்டு வரி. “அண்ணே, சைட்டுக்கு முகவரியே இல்லண்ணே” என்றேன். அவர் பதில் சொல்லாமல் தன் போனை நீட்டினார். அதில் அவர் கடையின் பக்கம் பளிச்சென்று திறந்திருந்தது.

தப்பு என்னுடையது. இப்படி உள்ளே நின்று ஒவ்வொன்றாகக் கேட்கும் ஊடாடும் முறையில் ஒருமுறை டைப்பை மாற்றினால், நாம் திரும்ப மாற்றும்வரை அதுவே நிற்கும். நான் கேட்டது “இந்த வெப்சைட் எங்கே இருக்கிறது?” என்றல்ல, “இந்தப் பெயருக்கு மெயில் சர்வர் எது?” என்று. அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் பதிவு இல்லை. பெயர் இருக்கிறது, கேட்ட வகை மட்டும் இல்லை என்றால் சர்வர் அந்த டொமைனின் எஸ்ஓஏ பதிவை (டொமைனின் நிர்வாக விவரக் குறிப்பை) அனுப்பிவைக்கும். அந்த ஏழெட்டு வரி அதுதான். ‘செட் டைப்=ஏ’ (‘ஏ’ என்றால் ஐபி முகவரிப் பதிவு) என்று மாற்றிவிட்டு மறுபடி கேட்டதும் முகவரி வந்தது. சந்தேகம் வரும்போது ‘செட் ஆல்’ அடித்துவிடுங்கள். எந்த டைப், எந்த சர்வர் என்று இப்போதைய நிலவரத்தை அதுவே காட்டிவிடும்.

‘செட்’டை விட்டுவிட்டு வெறும் ‘டைப்=எம்எக்ஸ்’ என்று அடிப்பவர்களும் உண்டு. இந்தக் கருவிக்குப் புரியாத எதுவும் அதன் கண்ணுக்கு ஒரு டொமைன் பெயர்தான். அப்படியொரு பெயரே இல்லை என்று பதில் வரும், நாம் டிஎன்எஸ் படுத்துவிட்டது என்று நினைப்போம். ‘எச்டிடிபிஎஸ்’, சாய்கோடு எல்லாம் சேர்த்து முழு லிங்க்கை ஒட்டினாலும் இதே கதிதான். பெயர் மட்டும் போதும்.

அடுத்து, யாரிடம் கேட்கிறோம் என்பது. இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். குமுளியில் தமிழ்நாட்டு பஸ் வேண்டும் என்றால் எல்லை கேட்டைத் தாண்டி நம் பக்கம் வந்து நிற்க வேண்டும். கேரளா ஸ்டாண்டில் நின்றுகொண்டு பஸ்ஸே இல்லை என்று சொல்லக்கூடாது. இதுவும் அப்படித்தான். ஹோஸ்டிங்கை (வெப்சைட் இருக்கும் சர்வரை) மாற்றி புது முகவரி போட்டிருக்கிறோம், என்எஸ்லுக்அப் பழையதையே காட்டுகிறது என்றால், நாம் கேட்டது பெரும்பாலும் கடை பிராட்பேண்டின் சர்வரிடம். அது டிடிஎல் (பதிலை நினைவில் வைத்திருக்கக் குறித்த நேரம்) முடியும்வரை தன் நினைவில் இருப்பதைத்தான் சொல்லும். ‘நான்-அத்தாரிட்டேட்டிவ் ஆன்சர்’ என்ற வரிக்கு அர்த்தம் அதுதான்: பதிவை வைத்திருப்பவர் சொன்னதல்ல, கேட்டு வைத்திருந்தவர் சொன்னது. அதைப் பார்த்துப் பதறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது பிழைச் செய்தியே இல்லை.

மூலத்திடமே கேட்க வேண்டுமென்றால் முதலில் ‘செட் டைப்=என்எஸ்’ கொடுத்து டொமைனின் நேம் சர்வர் (அதன் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்) எது என்று பாருங்கள். அப்புறம் ‘சர்வர்’ என்று அடித்து, ஒரு இடம் விட்டு, அந்தப் பெயரைக் கொடுங்கள். பிறகு டைப்பை ‘ஏ’க்கு மாற்றிக் கேளுங்கள். இப்போது வருவது நேரடிப் பதில். ஆனால் ஒன்று, இந்த ‘சர்வர்’ மாற்றமும் டைப் மாதிரியே ஒட்டிக்கொள்ளும். மறந்துபோய் அங்கேயே வேறொரு டொமைனைக் கேட்டால் ‘கொயரி ரெஃப்யூஸ்டு’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது பொது சர்வர் இல்லை, தன் வீட்டுக் கணக்கை மட்டும் சொல்லும்.

இன்னொரு சிக்கல். உயிரில்லாத ஒரு முகவரிக்குத் தெரியாமல் மாறிவிட்டீர்கள் என்று வையுங்கள். அங்கிருந்து வேறொரு சர்வரின் பெயரைக் கொடுத்து மாற முடியாது, அந்தப் பெயரைத் தேடிக் கொடுக்க வேண்டியதே அந்தச் செத்த சர்வர்தான். கூகுளின் பொது சர்வரான 8.8.8.8 மாதிரி எண்ணாகக் கொடுங்கள். இல்லையென்றால் ‘எல்சர்வர்’ பயன்படுத்துங்கள், அது ஆரம்பத்தில் இருந்த சர்வரிடம் கேட்டு மாற்றிக்கொடுக்கும்.

பதில் வராத வகைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. ‘நான்-எக்ஸிஸ்டென்ட் டொமைன்’ என்றால் சர்வர் வேலை செய்கிறது, அந்தப் பெயர்தான் இல்லை. ‘டைம்டு அவுட்’ என்றால் பதிலே வரவில்லை. விண்டோஸில் வழக்கமாக 2 விநாடி பார்த்துவிட்டு அப்படிச் சொல்லும். நெட், ஃபயர்வால், டிஎன்எஸ் கேள்விகள் போகும் 53ஆம் போர்ட் என்று அந்தப் பக்கம் போய்த் தேட வேண்டும். ஆரம்பத்திலேயே ‘டிஃபால்ட் சர்வர்: அன்நோன்’ என்று வந்தால் அதை விட்டுவிடுங்கள். சர்வரின் எண்ணுக்குத் திருப்பிப் பெயர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

புது சப்டொமைனை (டொமைனுக்குக் கீழ் வரும் பெயரை) சேர்ப்பதற்கு முன்பே ‘வந்துவிட்டதா’ என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. விட்டுவிட்டேன். ‘இல்லை’ என்ற பதிலையும் சர்வர்கள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். அவசரப்பட்டு ஒருமுறை கேட்டதற்கு, பதிவைச் சேர்த்த பிறகும் ‘இல்லை, இல்லை’ என்றே கேட்க வேண்டியிருக்கும்.

விண்டோஸில் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைக்கச் சொல்வேன். வைக்காவிட்டால் அலுவலக நெட்வொர்க்கில் அமைத்திருக்கும் பின்னொட்டையும் ஒட்டித் தேடும், சம்பந்தமில்லாத பதில் வரும். நம்பாவிட்டால் ‘செட் டீபக்’ போட்டுப் பாருங்கள், உண்மையில் என்ன பெயர் கேட்கப்பட்டது என்று தெரியும். டிடிஎல்லும் அதிலேயே தெரியும். ‘.இந்தியா’ என்று முடியும் தமிழ்ப் பெயரென்றால் ‘எக்ஸ்என்’னும் இரண்டு சிறுகோடும் வைத்துத் தொடங்கும் மாற்று வடிவத்தில் கொடுப்பது பாதுகாப்பு.

என்எஸ்லுக்அப்பில் சரியாக வந்தும் பிரவுசரில் திறக்கவில்லையா? இந்தக் கருவி கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் கோப்பை (பெயர்களுக்கு முகவரியை நாமே எழுதிவைக்கும் கோப்பை) பார்க்காது, விண்டோஸ் சேர்த்துவைத்திருக்கும் பழைய பதில்களையும் பார்க்காது. நேராக சர்வரிடம் போகும். பிரவுசரோ இவற்றை எல்லாம் பார்க்கலாம், அல்லது தனியாக வேறொரு டிஎன்எஸ் சேவையையே வைத்திருக்கலாம். ஆக இரண்டும் வேறு வேறு சொன்னால் ஒன்று பொய் என்று அர்த்தமில்லை.

சரி, அந்தக் கடைக்கு மெயில் ஏன் வரவில்லை? மெயில்பாக்ஸ் நிரம்பியிருந்தது. ஏல விலைப் பட்டியல்கள், வருடக்கணக்காக ஒன்றையும் அழிக்கவில்லை. டிஎன்எஸ்ஸைத் தொடவே தேவையிருக்கவில்லை. அழித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு சுக்குக் காப்பி குடித்துவிட்டு, கேட்டைத் தாண்டி வந்து பஸ் ஏறினேன்.