படகில் டிஷ் டிவி வேண்டுமா?

ஃப்ளோரிடா கரையோரம், பஹாமாஸ் என்று படகில் சுற்றுபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது கவரேஜ். அமெரிக்க டிவி சாட்டிலைட்டின் அலை அமெரிக்க நிலப்பரப்பைக் குறிவைத்தது. தெற்கே போகப்போக வலு குறையும், சின்ன டோம் (குவிமாட மூடிக்குள் இருக்கும் படகு ஆன்டெனா) திணறும்.

நங்கூரத்தில் படகு சுழன்றுகொண்டே இருக்கும், வீட்டு டிஷ் உதவாது. தானே திரும்பும் ஆன்டெனா வேண்டும், அதுதான் விலை அதிகம். பாய்மரக் கம்பம் மறைத்தாலோ, கனமழை பிடித்தாலோ அதிலும் படம் உறையும்.

பேட்டரிக் கணக்கு: ஆன்டெனா, ரிசீவர், டிவி சேர்ந்து 12 வோல்ட்டில் சுமார் 8 ஆம்பியர். நான்கு மணி நேரத்துக்கு 32 ஆம்பியர்-மணி. 200 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரித் தொகுப்பில் பாதியைத்தான் தொடலாம். அந்தப் பாதியில் சுமார் மூன்றிலொரு பங்கு காலி!

பெரும்பாலும் மெரினாவிலேயே (படகு நிறுத்துமிடம்) கட்டிக்கிடக்கும் படகா? படகுத்துறை மேடையில் முக்காலி வைத்துச் சாதாரண டிஷ்ஷைத் தெற்கு வானில் உங்கள் சாட்டிலைட் இருக்கும் பக்கம் திருப்பினால் போதும். இணையம் ஏற்கெனவே இருந்தால் இதுவும் வீண்செலவு.