டிசிபிடம்ப்பில் தெரிகிற பாக்கெட் ஹேண்ட்லருக்கு வரவில்லை: என் அனுபவம்

லினக்ஸ் கெர்னல் மாட்யூலில், சோதனைக்கென ஒதுக்கப்பட்ட ஈதர்டைப் (பாக்கெட்டின் வகையைச் சொல்லும் எண்) 88பி5-க்கு டெவ்_ஆட்_பேக் மூலம் ஹேண்ட்லர், அதாவது அந்த வகைப் பாக்கெட் வந்தால் கெர்னல் அழைக்கும் நிரல்பகுதி, பதிந்திருந்தேன். நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவியான டிசிபிடம்ப்பில் பாக்கெட் வந்துகொண்டே இருந்தது. ஹேண்ட்லர் ஒருமுறைகூட ஓடவில்லை.

டிசிபிடம்ப்பில் தெரிவதை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. எல்லா வகையும் கேட்கும் தனிப் பட்டியல் அதனுடையது. கெர்னல் அங்கேதான் முதலில் கொடுக்கும். நம் ஹேண்ட்லர் இருப்பது 16 கட்டங்கள் கொண்ட ஹாஷ் அட்டவணையில். பதிந்த ஹேண்ட்லர்களைக் காட்டும் /ப்ராக்/நெட்/பிடைப் கோப்பைப் பார்த்ததும் பிடிபட்டது: என் வரியில் பி588 என்றிருந்தது. எக்ஸ்86 லிட்டில் எண்டியன், அதாவது எண்ணின் பைட்டுகளை நெட்வொர்க் வரிசைக்கு நேர்மாறாக வைக்கும். டைப் மதிப்புக்கு, நெட்வொர்க் வரிசைக்கு மாற்றும் எச்டிஓஎன்எஸ் போட மறந்திருக்கிறேன். ஹெக்ஸ் எண்ணின் கடைசி இலக்கம்தான் கட்டத்தைத் தீர்மானிக்கிறது. கெர்னல் 5-ஆம் கட்டத்தில் தேட, ஹேண்ட்லர் 8-இல் கிடந்தது.

எச்டிஓஎன்எஸ் சேர்த்ததும் ஓடியது. அடுத்து நினைவகப் பயன்பாடு ஏறத் தொடங்கியது. கைக்கு வந்த எஸ்கேபியை (பாக்கெட்டைத் தாங்கும் கெர்னல் கட்டமைப்பு) விடுவிப்பது ஹேண்ட்லரின் பொறுப்பு. பிழை கண்டு பாதியில் திரும்பும் வழியிலும் அதை விடுவிக்கும் கேஃப்ரீ_எஸ்கேபி வேண்டும், நான் அங்கேதான் விட்டிருந்தேன். எஸ்கேபியின் சுட்டிகளை நகர்த்துமுன், அது பகிரப்பட்டிருந்தால் தனி நகல் தரும் எஸ்கேபி_ஷேர்_செக் அவசியம். வேறு ஹேண்ட்லரும் அதையே பிடித்திருக்கலாம். மாட்யூலை இறக்கும்போது ஹேண்ட்லர் பதிவை நீக்கும் டெவ்_ரிமூவ்_பேக் விட்டுப்போனால், அடுத்த பாக்கெட்டிலேயே கெர்னல் விழக்கூடும்.