நீஸ் நகரில் கோடை விடுமுறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீஸ் கடற்கரையில் மணல் கிடையாது. பிரான்சின் தென்கிழக்கு ஓரத்தில் சுமார் 7 கிலோமீட்டருக்கு வளைந்து கிடக்கும் அந்தக் கரை முழுக்கக் கூழாங்கல்தான். எல்லாம் ஆல்ப்ஸ் மலையிலிருந்து வார், பயோன் ஆறுகள் உருட்டிக்கொண்டு வந்தவை. ஆற்று வரத்து குறைந்துபோனதால் இப்போது வெளியிலிருந்தும் கல் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். படத்தில் நீல நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு ஹவாய் செருப்பும் மெல்லிய துண்டுமாக வருகிறவர்கள் அரை மணி நேரத்தில் முதுகைத் தடவிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். தடித்த ரப்பர் அடி வைத்த, குதிகாலை இறுக்கிப் பிடிக்கும் வாட்டர் ஷூவும், படுக்கக் கனமான ஃபோம் பாயும் வேண்டும். செருப்பு உதவாது, முதல் அலையே அதைக் கழற்றிக்கொண்டு போய்விடும்.

கல்லைவிடக் கவனிக்க வேண்டியது கரையின் சரிவு. நாலைந்து எட்டு வைப்பதற்குள் கால் நிலைக்காத ஆழம் வந்துவிடும். இடுப்பளவு நீரில் நின்று விளையாடும் இடம் இங்கே மிகக் குறைவு. அலை உடையும் விளிம்பில் நிற்பதுதான் பெரிய தவறு: திரும்பிப் போகும் நீர் காலுக்கடியில் இருக்கும் கல்லையும் சேர்த்து இழுக்கும், ஆள் சரிவார், அடுத்த அலை மேலே விழும். நுழையும்போது அந்த விளிம்பைச் சட்டென்று தாண்டி நீந்தத் தொடங்கிவிட வேண்டும். வெளியேறும்போது சின்ன அலைக்காகக் காத்திருந்து, அது தள்ளும் வேகத்திலேயே கையையும் ஊன்றி மேலேறிவிட வேண்டும். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பேசுவது கூடாது. நீச்சல் தெரியாதவர் அலையுள்ள நாளில் காலை நனைக்கக்கூட இறங்காமல் இருப்பதே நல்லது.

கொடியைப் பார்க்காமல் இறங்குவது அடுத்த தவறு. பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லோருக்கும் தெரியும். ஊதாக் கொடிக்கு அர்த்தம், நீரில் மாசு இருக்கிறது அல்லது ஆபத்தான கடலுயிர் வந்திருக்கிறது என்பது. கோடையில் பெரும்பாலும் ஊதா நிற ஜெல்லி மீன்தான். கொட்டிவிட்டால் நல்ல தண்ணீரில் கழுவாதீர்கள், தேய்க்கவும் வேண்டாம். தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் மீண்டும் வெடிக்கும். கடல் நீரிலேயே அலசிவிட்டு உயிர்காப்பாளர் இருக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள்.

சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்கள் நீஸ் கரையோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை. நீஸ்-வில் ரயில் நிலையத்திலிருந்து ரயிலில் பத்து நிமிடத்துக்குள் வில்ஃப்ரான்ஷ் என்ற ஊர் வந்துவிடும். நிலையத்துக்கு நேர் கீழேயே மரினியேர் கடற்கரை. மணலாக, அலையடங்கிய விரிகுடாவில் இருக்கிறது. எதிர்த்திசையில் ஆன்தீப் ஊரின் பழைய துறைமுகத்தை ஒட்டிய கிராவெத் கடற்கரையிலும் மணல்தான். இரண்டும் சிறியவை, ஆகஸ்டில் காலை 10 மணிக்கு மேல் இடம் பிடிப்பது கடினம்.

மாதத் தேர்விலும் பலர் சறுக்குகிறார்கள். மே மாதம் வெயில் அழகாக இருக்கும், ஆனால் கடல் இன்னும் குளிரில்தான் கிடக்கும். அதே மே பிற்பாதியில் கான் திரைப்பட விழா, 2026 முதல் ஜூன் தொடக்கத்தில் மொனாக்கோ கார் பந்தயம். அந்த நாட்களில் நீஸ் அறை வாடகையும் தாறுமாறாக ஏறும். ஜூன் பாதிக்கு மேல் அல்லது செப்டம்பர் முதல் மூன்று வாரம் எங்கள் தேர்வு. செப்டம்பரில் கோடை முழுதும் சூடேறிய கடலும் கிடைக்கும், கூட்டமும் வடிந்திருக்கும்.

பழைய நகரான வியூ நீஸில் அறை எடுப்பவர்கள் புகைப்படத்தில் மயங்காமல் இரண்டு சொற்களைத் தேட வேண்டும்: க்ளிமாட்டிசாசியோன் (ஏசி), அசான்சர் (லிஃப்ட்). நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை, ஏசி இல்லை, கீழே மதுக்கடை என்ற கலவை அங்கே சாதாரணம். ஜன்னலைத் திறந்தால் சத்தம், மூடினால் புழுக்கம்.

சுற்றிப் பார்ப்பதில் ஆட்கள் அதிகம் ஏமாறும் ஊர் ஏஸ். மலையுச்சியில் கல்வீடுகளோடு நிற்கும் கிராமம் அது. வரைபடத்தில் ரயில் நிலையம் தெரிகிறதே என்று டிக்கெட் எடுத்து இறங்கினால், நிலையம் கடல் மட்டத்தில் இருக்கும், கிராமம் 400 மீட்டருக்கு மேலே இருக்கும். இடையில் இருப்பது ஜெர்மன் தத்துவவாதி நீட்ஷே நடந்த பாதை என்று பெயர் பெற்ற கரடுமுரடான ஏற்றம்; ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், நிழல் குறைவு. ஜூலை நண்பகலில், கைக்குழந்தையோடு, ஒரே ஒரு பாட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஏறுவது வம்பு. நீஸில் டிராம் முதல் தடத்தில் வோபான் வரை போய், அங்கிருந்து ஏஸ் கிராமத்துக்கே போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். பாதையைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் மேலிருந்து கீழே இறங்கி, ரயிலில் திரும்பலாம்.

வீண் ஏற்றம் ஊருக்குள் இருக்கும் கோட்டைக் குன்றிலும் உண்டு. பெல்லாந்தா கோபுரத்தை ஒட்டி இலவச லிஃப்ட் இருப்பது தெரியாமல் படியேறுகிறவர்கள் ஏராளம். மேலே நிற்கும்போது சரியாகப் பகல் 12 மணிக்குப் பீரங்கி மாதிரி ஒரு வெடி. தினமும் உண்டு, பதற வேண்டாம்.

கூர் சலேயா சந்தைக்குத் திங்கட்கிழமை போனால் பூவும் பழமும் இருக்காது, பழம்பொருள் கடைகள்தான் இருக்கும். ஓவியர்கள் மத்தீஸ், ஷகால் பெயரிலான அருங்காட்சியகங்களுக்குச் செவ்வாய் விடுமுறை.

சாப்பாட்டில் நேரம் முக்கியம். பல உணவகங்களில் பகல் 2 மணிக்கு அடுப்பை அணைத்தால் மாலை 7 வரை எதுவும் கிடைக்காது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊரில் கைகொடுப்பது சொக்கா: கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அகலத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுட்டு, ஓரம் கருகியதும் சுரண்டியெடுத்து மிளகுத்தூள் தூவித் தருவார்கள். ஆறினால் ரப்பர், நின்றபடியே சூடாகச் சாப்பிடுவதுதான் முறை. பக்கத்திலேயே வெறும் வெங்காயம் போட்ட ரொட்டி போல இருக்கும் பிஸ்ஸலாதியேரை நம்பாதீர்கள், அதில் நெத்திலி வகை மீன் உண்டு. காய்க்குள் பூரணம் வைத்த ஃபார்சியில் பெரும்பாலும் இறைச்சி. ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கும். "சான் வியாந்த், சான் புவாசோன்" என்று இரண்டையும் சொல்ல வேண்டும். தண்ணீருக்கு "கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் காசில்லாமல் வரும். வெறுமனே தண்ணீர் கேட்டால் பாட்டிலும் பில்லும் சேர்ந்து வரலாம்.

கடற்கரையில் புகைத்தால் 2025 ஜூன் இறுதியிலிருந்து 135 யூரோ அபராதம்.

கடைசியாக, ஒரு நாள் இத்தாலிக்குத் தாவிவிட்டு வரும் திட்டம். வென்ட்டிமிலியாவின் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஷெங்கன் எல்லைதானே (வழக்கமாகப் பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் வட்டம்) என்று பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் திரும்பும்போது மாட்டுகிறார்கள்: பிரெஞ்சு எல்லையில் முதல் நிலையமான மான்தோன் கராவானில் போலீஸ் ஏறி ஆவணம் கேட்பது வழக்கம். கைபேசியில் எடுத்த படத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அசல் பாஸ்போர்ட், பிரான்சில் வசிப்பவரென்றால் வதிவிட அட்டையும், உடம்போடு ஒட்டிய பையில் இருக்கட்டும். அந்த ரயிலில் ஜேப்படியும் அதிகம்.