எழுதாமலே இலக்கம் எண்ணும் வழி

கல்லடியில் என்னிடம் ரியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு, மடக்கை (log) பாடம் முடிந்ததும் இந்தக் கணக்கைத்தான் போடுவேன். 2024 ஒக்டோபரில் அறிவித்த முதன்மை எண்: 2இன் 136279841ஆம் வலுவில் 1 குறைவு. அதில் எத்தனை இலக்கம்?

சுட்டியை, அதாவது அந்த 136279841ஐ, 10ஐ அடியாகக் கொண்ட 2இன் மடக்கையால் பெருக்கி, தசமத்தை விட்டு, 1 கூட்டுங்கள். மடக்கையை 0.30103 என்று எடுத்தால் 41024320.5 வரும், விடையில் ஒன்று கூடிவிடும். அட்டவணைப் புத்தகத்தை மூடிவிட்டு 0.3010299957 என்றே போடுங்கள். 41024319.95. ஆக, 41024320 இலக்கங்கள். (1ஐக் கழிப்பதால் இலக்கம் குறையாது, 2இன் வலு எதுவும் பூச்சியத்தில் முடியாதே.)

சரி, கடைசி இலக்கம்? 2, 4, 8, 6 என்றுதான் சுற்றும். சுட்டியின் கடைசி 41ஐ 4ஆல் வகுத்தால் மீதி 1. அப்போ 2, ஒன்று போக 1.

“முதன்மை எண்தான் என்று எப்படி சேர் நம்புவது?” என்பார்கள். 2இன் வலுவில் 1 குறைந்த எண் முதன்மையா என்று பார்க்க லூக்காஸ்-லேமர் சோதனை இருக்கிறது. அது கணினிக்குத்தான் கட்டும்.