பாலைவன டாங்கிக்குத் துரு எதற்கு?

மேஜைமேல் மாடல் படைகளை நகர்த்தி ஆடும் வார்கேமுக்காக முதல்முறை மாடல் டாங்கி பெயின்ட் பண்ணுபவர்கள் எடுத்தவுடன் துரு வைக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். செய்வது இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் ஓடிய பன்சர் 3 என்ற ஜெர்மன் டாங்கி என்றால், புகைக்குழாயைத் தவிர வேறெங்கும் துரு வேண்டாம் என்பேன். அந்த வண்டிக்கு என்ன நடந்தது என்று முதலில் பாருங்கள்.

1941 மார்ச்சில் லிபியாவின் டிரிப்போலி துறைமுகத்தில் இறங்கிய பன்சர்கள் ஐரோப்பாவுக்கான கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்தன. மணல் நிறத்தை அதற்கு மேல்தான் பூசினார்கள். ஆட்கள் ஏறி இறங்கி, மணற்காற்று உரசி, மேல்பூச்சு தேய்ந்தபோது வெளியே தெரிந்தது அந்தச் சாம்பல்தான். நாமும் அதே வரிசையில் போவோம்.

நான் பயன்படுத்துவது 1:100 அளவு. இதில் பன்சர் 3 சுமார் ஐந்தரை சென்டிமீட்டர் நீளம். பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசிக் காயவைத்து, பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சான பிரைமர் அடித்து, வல்லேஹோ என்ற பெயின்ட் நிறுவனத்தின் ஜெர்மன் கிரே (அந்தக் கருஞ்சாம்பல்) முழுக்கப் பூசுங்கள். நன்றாகக் காய்ந்தபின் மஞ்சள் கலந்த பழுப்பு. பலர் கடற்கரை மணல் போல வெளிறிய நிறம் வைக்கிறார்கள். அசல் நிறம் அதைவிட அழுத்தமானது. நீர்த்த பெயின்டை இரண்டு மூன்று தடவையாகப் பூசி, சக்கரங்களின் இடுக்கிலும் டரட்டுக்கு (பீரங்கி இருக்கும் சுழல் மேல்பகுதிக்கு) அடியிலும் சாம்பலை அப்படியே விட்டுவிடுங்கள். நிழல் போடும் வேலை பாதி மிச்சம். மேஜையில் ஒரு கை தூரத்திலிருந்துதான் பார்க்கப்போகிறோம் என்பதால், மேல்தகடுகளின் நடுவில் மட்டும் கொஞ்சம் ஐவரி (தந்த நிறம்) கலந்து வெளிர வையுங்கள்.

பெயின்ட் உரிந்த தடயங்களுக்கு ஸ்பாஞ்ச் போதும். ஒரு சிறு துண்டைப் பிய்த்து ஜெர்மன் கிரேயில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி ஒற்றிக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பிறகு மாடலில் வையுங்கள். கால் படும் முன்தகடு, ஆட்கள் ஏறி இறங்கும் மூடிகளின் விளிம்பு, ஃபெண்டர் (செயினுக்கு மேலுள்ள மட்கார்டு) முனைகள், அவ்வளவுதான். இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் புள்ளி, நிஜ டாங்கியில் பத்து சென்டிமீட்டர் ஓட்டை மாதிரி ஆகிவிடும்! டரட்டின் பக்கவாட்டில் புள்ளி தெளித்து அம்மை போட்ட டாங்கிகளை நிறையப் பார்த்தாயிற்று.

அப்புறம் பளபளப்பான கிளாஸ் வார்னிஷ். ஜெர்மனியின் ஆப்பிரிக்கப் படையின் பனைமரச் சின்னத்தை ஒட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான். பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) ஆயில் பெயின்டை ஒயிட் ஸ்பிரிட் என்ற தின்னரில் நீர்க்கக் கரைத்து, மெல்லிய பிரஷ் நுனியால் தகடுகளின் இணைப்புக் கோடுகளில் தொட்டால் போதும், பளபளப்பான பரப்பில் தானே ஓடிப் போகும். வழிந்ததை ஒயிட் ஸ்பிரிட் தொட்ட பிரஷால் துடைத்துவிடலாம்.

செயினைக் கரும்பழுப்பாக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் மேடுகளில் மென்மையான 6பி வரைபென்சிலைத் தேயுங்கள். பாலைவன மணல் உப்புத்தாள் மாதிரி உரசுவதால் அந்த இரும்பு பளிச்சென்றுதான் இருக்கும். டாங்கியில் கட்டியிருக்கும் ஜெர்ரி கேன்களில் (எரிபொருள், தண்ணீர் வைக்கும் தகர கேன்கள்) ஒன்றிரண்டில் வெள்ளைச் சிலுவைக் குறி போடுங்கள். அது குடிநீர் கேன் என்பதற்கான அடையாளம்.

தூசி கடைசியில். சாக்பீஸ் மாதிரி இருக்கும் சாஃப்ட் பேஸ்டல் வண்ணக் குச்சியைப் பிளேடால் சுரண்டி, அடிப்படை நிறத்தைவிட வெளிரான பொடியாக எடுத்து, சக்கரங்கள், கீழ்ப்பகுதி, ஃபெண்டர் மேல் தட்டுங்கள். கண்ணுக்குக் கொஞ்சம் அதிகம் என்று தோன்றும் அளவுக்குப் போடுங்கள், ஏனென்றால் கடைசியாக அடிக்கும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் பட்டதும் தூசி மங்கிவிடும். ஷோகேஸ் மாடல் என்றால் வார்னிஷைத் தவிர்க்கலாம். ஆனால் விளையாட்டில் ஆளாளுக்குத் தொட்டு நகர்த்துவார்கள், வார்னிஷ் இல்லாவிட்டால் பொடி விரலோடு போய்விடும். மழைக்காலத்தில் மட்டும் ஸ்ப்ரே வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். பிரஷால் பூசும் மேட் வார்னிஷை எடுங்கள். பொடியைத் தேய்க்காமல், மெதுவாக ஒற்றிப் பூச வேண்டும்.