மானிட்டர் கப்பல் மாதிரி செய்ய

சுவீடனில் 1803-ல் பிறந்து, 1839-ல் அமெரிக்காவில் குடியேறிய ஜான் எரிக்சன் வடிவமைத்தது, சுழலும் பீரங்கிக் கூண்டுள்ள இந்த இரும்புக் கப்பல். 1862 மார்ச் 9-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறங்கியது.

அளவு: நிஜக் கப்பலின் 1 அடிக்கு மாதிரியில் 3 மி.மீ. டெல்டாவில் போர்செட்டுக்குப் பக்கத்திலேயே 63 மி.மீ. பைப் துண்டு கிடக்கும். கூண்டுக்கு அச்சு அசலாகப் பொருந்தும். 27 மி.மீ. உயரத்துக்கு அறுத்து, பீரங்கிகளுக்கு இரண்டு துளை போட்டு, சைக்கிள் கம்பியில் சுழல விடுங்கள்.

உடலுக்கு 25 மி.மீ. தெர்மாகோல்: நீளம் 53, அகலம் 12.4 செ.மீ., இரு முனையும் கூர். எனாமல் பெயிண்ட் தொட்டாலே தெர்மாகோல் கரையும், அக்ரிலிக் பூசுங்கள்.

சொதப்புவது மிதப்பில்தான். நிஜக் கப்பலின் மேல்தளம் நீருக்கு மேலே ஒன்றரை அடிதான், இதில் 4.5 மி.மீ. தெரிய வேண்டும். அடியில் இரும்பு நட்டுகளை நடுவாகக் கட்டி, அண்டாத் தண்ணீரில் விட்டு, ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். 1 கிலோ வரை பிடிக்கும். மணல் மூட்டை வேண்டாம், தண்ணீருக்குள் எடை ரொம்பக் குறையும்.