ஸ்கிராம்ப்ளரின் பின்சக்கர டயர்: எந்த அளவைப் போடுவது?

சென்ற ஆண்டு போனஸ் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, மண் பாதையில் ஓட்டும் என் 150 சிசி ஸ்கிராம்ப்ளர் மோட்டார் சைக்கிளுக்கு 140/80-18 அளவுள்ள பின் டயர் ஒன்றை வாங்கிப் போட்டதுதான். போட்டி வண்டிகளில் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்ட அளவு அது. ஒரு மாதம் கழித்து, மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்துச் செம்மண் மேட்டில், மழை விட்ட பத்து நிமிடத்திற்குள் பின் சக்கரம் சுழல மறுத்து நின்றுவிட்டது. குச்சியால் களிமண்ணைக் குடைந்து எடுத்த பிறகுதான், பின் சக்கரத்தை இருபுறமும் தாங்கும் கவையான ஸ்விங்ஆர்மின் உட்பக்கத்தில் சாயம் உரிந்து உலோகம் பளபளப்பதையும், டயரின் ஓரப் பற்கள் கத்தியால் சீவியவைபோல் தேய்ந்திருப்பதையும் கண்டேன். இப்போது அதே மேட்டை 100/100-18 டயரில் ஏறி வருகிறேன்.

இந்தப் பதிவு டயர் அளவைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியது மட்டுமே. சக்கரத்தைக் கழற்றி மாட்டவும் செயினை இறுக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள்

120/90-18 என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் 120 மில்லிமீட்டர், சுவரின் உயரம் அந்த அகலத்தில் 90 விழுக்காடு, அதாவது 108 மில்லிமீட்டர், ரிம்மின் விட்டம் 18 அங்குலம் என்று பொருள். கவாசாகி கேஎல்எக்ஸ்150பிஎஃப், ஹோண்டா சிஆர்எஃப்150எல் போன்ற சிறிய வண்டிகளில் வரும் 4.10-18 என்பது பழைய அங்குலக் கணக்கு, 4.10 அங்குலம் ஏறக்குறைய 104 மில்லிமீட்டர். 59பி என்பதுபோல் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும் எடையையும் வேகத்தையும் குறிப்பவை. தோட்டத்துப் பாதையில் அவற்றால் உங்களுக்குச் சிக்கல் வராது.

கடைசி எண்ணை மட்டும் நம் விருப்பத்திற்கு மாற்ற முடியாது, ஏனெனில் அது ரிம்மோடு பிறந்தது. மண் தடத்தில் பந்தயம் ஓடும் மோட்டோகிராஸ் வண்டிகளுக்கு 19 அங்குலமும், காடுமேடுகளில் நெடுந்தூரம் ஓடும் எண்டூரோ, டிரெயில் வண்டிகளுக்கு 18 அங்குலமும் வழக்கம். 110/100-18 டயரின் வெளிவிட்டம் கணக்குப்படி 677 மில்லிமீட்டர். 110/90-19 டயருடையது 681. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே உயரம்தான், ஆனால் 18 அங்குல டயரின் சுவர் 11 மில்லிமீட்டர் அதிகம். பினாங்குக் குன்றுகளின் கருங்கல்லிலும், ரப்பர் மரங்களின் வேர்களிலும் ரிம் அடிபடாமலும் டியூப் நசுங்காமலும் காப்பது அந்த 11 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும்தான். பழைய மோட்டோகிராஸ் வண்டி வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: ரிம்மின் அகலத்தைக் கண்டுபிடியுங்கள்

ரிம்மை நன்றாகக் கழுவிவிட்டு ஸ்போக்குகளின் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் 18x1.85 அல்லது 18x2.15 என்பதுபோல் பொறித்திருப்பது தெரியும். இரண்டாவது எண் அங்குலத்தில் கூறப்படும் அகலம், 1.85 என்பது 47 மில்லிமீட்டர், 2.15 என்பது ஏறக்குறைய 55. எழுத்து அழிந்திருந்தால் டயரைக் கழற்றி, அதன் விளிம்பு உட்காரும் இரண்டு உட்சுவர்களுக்கு இடையே அளக்க வேண்டும். வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு அளந்துவிட்டு என் ரிம் பெரியது என்று நானும் ஒருமுறை மகிழ்ந்திருக்கிறேன்.

என் ரிம் 1.85. அதில் 140 டயரைப் போட்டபோது, இரு பக்கச் சுவர்களையும் ரிம் உள்நோக்கி இழுத்துப் பிடிக்க, டயரின் நடுப்பகுதி முட்டை ஓடுபோல் மேலெழும்பி, ஓரப் பற்கள் தரையை விட்டு விலகிக்கொண்டன. அகலம் கூடும் என்று பணம் கொடுத்து வாங்கிய டயர், முன்பிருந்த 4.10 டயரைவிடக் குறைவான பற்களையே தரையில் ஊன்றியது. வளைவில் சாய்த்தால் திடுமென வழுக்கியது. ஆகவே தயாரிப்பாளரின் அட்டவணையில், நீங்கள் விரும்பும் டயருக்குப் பொருந்தும் ரிம் அகலம் என்ன என்று பார்த்த பிறகே கடைக்குப் போங்கள்.

படி 3: ஸ்விங்ஆர்முக்குள் இருக்கும் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள்

என்னை வீழ்த்திய படி இதுதான், ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

புதிய டயரைப் பூட்டிய அன்று இடைவெளியை நான் பார்க்காமல் இல்லை. சக்கரத்தைக் கையால் சுற்றினேன், எங்கும் உரசவில்லை, போதும் என்று விட்டுவிட்டேன். அன்று என் செயின் பழையது. நீண்டுபோனதால் அச்சு பின்னோக்கித் தள்ளப்பட்டிருந்தது. இரண்டு வாரம் கழித்துச் செயினையும் பற்சக்கரங்களையும் புதிதாக மாற்றியபோது அச்சு 15 மில்லிமீட்டர் முன்னால் வந்தது. ஸ்விங்ஆர்மின் இரு கைகளும் முன்னால் போகப் போக ஒன்றையொன்று நெருங்குவதால், டயரும் அந்தக் குறுகலுக்குள் நுழைந்துவிட்டது. பிறையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் வண்டியைக் காட்டியபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, “செயின் மாத்துனதுக்கு அப்புறம் அளந்து பார்த்தியா, தம்பி?” என்பதுதான்.

சரியான முறை இது. வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, பின் சக்கரம் தரையைத் தொடாதபடி செய்துகொள்ளுங்கள். அச்சை முன்கோடிக்கு, அதாவது புதிய செயின் போட்டால் நிற்கும் இடத்துக்கு நகர்த்திவிட்டு, இப்போதைய டயருக்கும் ஸ்விங்ஆர்முக்கும் இடையே இடப்பக்கம், வலப்பக்கம், முன்குறுக்குக் கம்பி ஆகிய மூன்று இடங்களில் அளவெடுங்கள். செயின் பக்கமே பெரும்பாலும் முதலில் உரசும். பிரேக் குழாயையும், அமுக்கும்போது கீழிறங்கும் மட்கார்டையும் மறந்துவிட வேண்டாம். வண்டியைத் தாங்கியிலிருந்து இறக்கி, நண்பர் ஒருவரைப் பின்னிருக்கையில் அமர்த்திச் சஸ்பென்ஷனை அழுத்திப் பாருங்கள். பின்னர் கணக்கிடுங்கள்: 104 மில்லிமீட்டரிலிருந்து 140க்குப் போனால் அகலம் 36 கூடுகிறது, ஒவ்வொரு பக்கத்திலும் 18 மில்லிமீட்டரை இழக்கிறீர்கள்.

எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும்? என் கணக்கு பக்கத்திற்கு 10 மில்லிமீட்டர். அதை அளக்க எந்த விலையுயர்ந்த கருவியும் வேண்டியதில்லை. 10 மில்லிமீட்டர் எலன் கீ (அறுகோணச் சாவி) ஒன்றை இடைவெளியில் நுழைத்தபடி சக்கரத்தை ஒரு முழுச்சுற்று சுற்றுங்கள், எங்கும் பிடிக்காமல் சுற்றினால் சரி. மணற்பாங்கான இடத்தில் இதைவிடக் குறைவாகவும் ஓட்டலாம், ஆனால் நம் ஊர்ச் செம்மண் களி பற்களோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போய், ஸ்விங்ஆர்மில் அப்பி, காய்ந்து, அடுத்த சுற்றில் அரத்தைப்போல டயரைச் சீவத் தொடங்கிவிடும்.

பக்கச்சுவரில் உள்ள எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. ஒரே 120 என்று எழுதிய இரண்டு தயாரிப்புகளை அளந்து பாருங்கள், அகலம் வேறுபடும். கடைக்கு ஒரு வெர்னியர் அளவியை எடுத்துச் செல்வதைக் கடைக்காரர் விசித்திரமாகப் பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

படி 4: இயந்திரத்தின் பலத்துக்கும் மண்ணுக்கும் ஏற்ப முடிவெடுங்கள்

கேடிஎம் 250, 300 இஎக்ஸ்சி போன்ற எண்டூரோ வண்டிகள் 140/80-18 டயருடன் வருகின்றன. அந்த டயரையும் அது சுமந்துவரும் சேற்றையும் சுழற்றும் பலம் அவற்றுக்கு உண்டு. ஹோண்டா சிஆர்எஃப்250எல் வண்டிக்குத் தொழிற்சாலை கொடுத்தது 120/80-18. மோட்டோகிராஸில் 250 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு 100/90-19 என்பதும், 450க்கு 110/90-19 என்பதும் பழகிய அளவுகள். 12 குதிரைத்திறன் அளவில் இருக்கும் 150 சிசி வண்டிக்கு 4.10-18 அல்லது 100/100-18 போதும் என்பது என் முடிவு.

ஈரக் களியில் அகலமான டயர் மேலாக மிதந்து வழுக்குகிறது. குறுகலான டயர் மேல் சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கி அடியில் உள்ள கெட்டி மண்ணைப் பிடிக்கிறது. நாம் ‘சங்கோல் டயர்’, அதாவது மண்வெட்டி டயர், என்று அழைப்பது எவ்வளவு பொருத்தம் என்பது அப்போது புரியும். பற்களுக்கு இடையே நல்ல இடைவெளி இருக்கட்டும், நெருங்கிய பற்கள் களியால் அடைபட்டால் டயர் உருளைக்கட்டையாகிவிடும்.

வெளிவிட்டமும் இங்கேதான் வேலையைக் காட்டுகிறது. 120/80-18 டயர் 649 மில்லிமீட்டர், 120/100-18 டயர் 697. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் கூடுதலாகப் போவதால், கியர் 7 விழுக்காடு உயர்ந்ததுபோல் இயந்திரம் திணறும். பின் பற்சக்கரத்தில் மூன்று நான்கு பற்களைக் கூட்டினால் அது சரியாகும், ஆனால் அதற்கும் செலவு உண்டு.

படி 5: வாங்கிப் பூட்டும்போது

டியூப்பின் மேல் எழுதியுள்ள அளவில் உங்கள் டயரின் அளவும் இருக்க வேண்டும். சிறிய டியூப்பை ஊதிப் பெரிதாக்கினால் ரப்பர் மெலிந்து முள்ளுக்கு இரையாகும். செம்பனைத் தோட்டத்துப் பக்கம் போகிறவர்கள் தடித்த டியூப்பே வாங்குங்கள். இரண்டு நீளமான லீவரைவிட மூன்று குட்டையான லீவர்கள் எனக்கு உகந்தவை, நீளமானது கையின் பலத்தைக் கூட்டிக் கொடுத்து டியூப்பைக் கடித்துவிடுகிறது.

காற்றழுத்தத்தை 12 முதல் 14 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை குறைத்து ஓட்ட வேண்டுமானால், ரிம்மில் டயரைப் பிடித்து வைக்கும் ரிம் லாக் கட்டாயம் வேண்டும், இல்லையேல் டயர் ரிம்மின்மேல் நழுவி வால்வு பிய்ந்துவிடும். எண்ணெய் நிலையக் கருவிகள் கிலோபாஸ்கலில் காட்டுகின்றன: 12 பிஎஸ்ஐ என்பது 83, 14 என்பது 97. அந்தக் கருவியில் நிரப்பிக்கொண்டு, தோட்டத்து வாசலில் 30 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் சிறிய அளவியால் இறக்குங்கள். 100 பிஎஸ்ஐ வரை காட்டும் அளவியில் இந்த நுணுக்கம் தெரியாது.

பின்சேர்க்கை: வாசகர் கேட்டவை

பாலிக் புலாவிலிருந்து ஒருவர், என்.எச்.எஸ். என்று பொறித்த டயரைப் போட்டுக்கொண்டு டுரியான் தோட்டத்துக்குச் சாலை வழியாகப் போகலாமா என்று கேட்டிருந்தார். அந்த மூன்று எழுத்துகள் நெடுஞ்சாலைப் பயன்பாட்டுக்கு உரியதல்ல என்பதன் சுருக்கம். சாலையிலும் ஓட்டுகிறவர் அதை விட்டுவிட்டு, சாலைக்கும் அனுமதி பெற்ற பல்டயரை அதே அளவில் தேடட்டும்.

இன்னொருவருக்கு, 140 டயரை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, ரிம்மோ 1.85, விற்கவும் மனமில்லை. 2.15 ரிம் ஒன்றை ஸ்போக்கோடு கோத்துப் போடலாம், ஆனால் படி 3 அப்போதும் அப்படியே நிற்கிறது. ரிம்முக்குப் பணம் கொடுக்குமுன் எலன் கீயை எடுத்துக்கொண்டு வண்டியின் பக்கத்தில் குனியுங்கள். என் 140 டயர் ஓரம் சீவிய நிலையில் வீட்டுப் பின்கட்டில் இன்னமும் கிடக்கிறது, அம்மா அதில் கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறார்.